பெட்டியை மறுபடி கட்டினேன்: ஸ்டெப்பர் மோட்டாருக்கு ஒரு பவர் சப்ளை

மூன்று மாதத்துக்குள் என் மரம் செதுக்கும் இயந்திரத்தின் இரண்டு டிரைவர்கள், அதாவது மோட்டாருக்கு மின்னோட்டத்தை அளந்து கொடுக்கும் மின்கருவிகள், எரிந்துபோயின. முதலாவது, கத்தி சுழலும் வெட்டுத்தலையைத் தாங்கி நகரும் பாலம் வேகமாக ஓடி ஓரத்தில் சட்டென்று நின்ற நொடியில். இரண்டாவது, பாதி வேலையில், யாரும் எதையும் தொடாத நேரத்தில். இரண்டு முறையும் மலிவான பொருள் என்று டிரைவரையே குறை சொல்லிவிட்டுப் புதியதை வாங்கி மாட்டினேன். கோளாறு டிரைவரில் இல்லை, அதற்கு மின்சாரம் கொடுத்த பெட்டியில் இருந்தது.

இயந்திரம் பினாங்கின் கெலுகோரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது. அலுமினியச் சட்டத்தில் நானே பூட்டிய, கணினி சொன்னபடி மரத்தைச் செதுக்கும் சிறிய இயந்திரம். வேலை செய்யும் பரப்பு 600க்கு 400 மில்லிமீட்டர். வீட்டுப் பெயர்ப்பலகைகள் செதுக்குவேன். தைப்பூசம் நெருங்கினால் நண்பர்களின் காவடிகளுக்கு மயிலும் வேலும் ஒட்டுப்பலகையில் வெட்டிக் கொடுப்பேன். மூன்று அச்சுக்கு மூன்று ஸ்டெப்பர் மோட்டார், ஒரு சுற்றைச் சிறு சிறு அடிகளாக (ஸ்டெப்) எடுத்துவைத்துச் சுழலும் வகை. ஒவ்வொன்றும் 57 மில்லிமீட்டர் முகப்புள்ள நெமா 23 வகை. ஒரு சுருளுக்கு 2.8 ஆம்பியர்.

பெட்டியைத் திறந்து பார்த்தவர் என் தாய்மாமா. பாயான் லெப்பாஸில் 1972இல் தொடங்கிய சுதந்திர வர்த்தக வட்டாரத்தின் தொழிற்சாலைகளில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உரிமம் பெற்ற வயர்மேனும்கூட. ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு வந்தவர், பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். பத்து நிமிடம் வேறு கதை பேசினார். பிறகு மூடியைக் கழற்றி, எதையும் தொடுவதற்கு முன் மல்டிமீட்டரின் முள்ளை வைத்துப் பார்த்தார். சுவிட்ச் வகை பவர் சப்ளையின் உள்ளே 230 வோல்ட் நேர்மின்னாகி ஏறத்தாழ 325 வோல்ட்டாகக் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கபாசிட்டரில் உட்கார்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் அது உடனே போய்விடாது. அந்தப் பத்து நிமிடக் கதைக்குக் காரணம் அதுதான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

"தம்பி, இனிமேல் இதைச் செருகாதே. முழுவதையும் கழற்று."

அவர் முதலில் தொட்டது டிரைவரின் பச்சைநிற இணைப்புக் கட்டையைத்தான். மோட்டாரிலிருந்து வரும் நான்கு கம்பிகளையும் இரண்டு விரலால் மெதுவாக இழுத்துப் பார்த்தார். மூன்றாவது கம்பி எதிர்ப்பே இல்லாமல் வெளியே வந்தது. திருகு இறுக்கமாகத்தான் இருந்தது. கம்பி முனையை என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். இழைகள் பிரியக்கூடாது என்று நான் ஈயம் பூசிய முனை. ஈயம் திருகின் அழுத்தத்தில் தட்டையாகி நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. பள்ளத்தின் ஓரத்தில் கடுகளவுக்குக் கருப்புப் பொட்டு, தீப்பொறி பறந்த இடம்.

ஈயம் மிருதுவான உலோகம். திருகின் அடியில் நாள்பட நாள்பட விலகிக்கொண்டே இருக்கும். இயந்திரத்தின் அதிர்வும் சேர்ந்தால் பிடி தளர்ந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டெப்பர் மோட்டாரின் கம்பி ஒரு நொடி விலகினால், சுருளில் ஓடும் மின்னோட்டத்துக்குப் போக இடமில்லாமல் போகிறது. சுருளில் சேர்ந்திருக்கும் ஆற்றல் மிகச் சிறியதுதான். ஆனால் வழி அடைபட்டதும் அந்தச் சிறிய ஆற்றலே மிகப் பெரிய வோல்ட்டாக எழும்பி டிரைவரின் டிரான்சிஸ்டரைத் துளைத்துவிடும். மின்சாரம் இருக்கும்போது மோட்டாரைக் கழற்றாதே என்று டிரைவரின் கையேட்டிலேயே இருக்கிறது. நான் கழற்றவில்லை. என் ஈயம் பூசிய முனை கழன்றுகொண்டது. இரண்டாவது டிரைவர் போனதற்கு விடை கிடைத்துவிட்டது.

இப்போது எல்லா முனைகளுக்கும் கம்பியின் மேல் மாட்டி நசுக்கும் சிறிய செம்புக் குழல் போட்டிருக்கிறேன். நசுக்குவதற்கென்று உள்ள இடுக்கி ஒன்று வேண்டும், சாதாரணக் குறடு போதாது. இந்த வேலையில் நான் செலவழித்த பணத்தில் மிகவும் பயன்பட்டது அந்த இடுக்கிதான்.

முதல் டிரைவரின் கதை வேறு. அதைச் சொல்ல வேண்டுமானால், புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். மோட்டாரின் சுருளுக்கு 0.9 ஓம் தடை, 2.8 ஆம்பியர் ஓட்டம். பெருக்கினால் இரண்டரை வோல்ட். இரண்டரை வோல்ட் மோட்டாருக்கு ஏன் 36 வோல்ட் கொடுக்கிறோம்?

சுருள் மின்னோட்டத்தை உடனே ஏறவிடாது. இந்தத் தயக்கத்தின் அளவுக்குப் பெயர் தூண்டம், என் மோட்டாரில் அது 2.5 மில்லிஹென்றி. இரண்டரை வோல்ட்டை மட்டும் கொடுத்தால், ஓட்டம் மூன்றில் இரண்டு பங்கு ஏறவே ஏறக்குறைய 2.8 மில்லிநொடி ஆகும். நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும்போது, சுற்றுக்கு 200 அடி என்ற கணக்கில் ஒவ்வோர் அடிக்கும் கிடைப்பது அரை மில்லிநொடிதான். ஓட்டம் ஏறுவதற்குள் அடுத்த அடி வந்துவிடும். மோட்டாருக்கு வலு இருக்காது, இரைந்துகொண்டு அதே இடத்தில் நிற்கும். 36 வோல்ட் கொடுத்தால் 2.8 ஆம்பியரை எட்ட 0.2 மில்லிநொடி போதும். எட்டியதும் டிரைவர் வெட்டி வெட்டிக் கொடுத்து, ஓட்டம் அளவைத் தாண்டாமல் பிடித்துக்கொள்ளும். வோல்ட் வேகத்துக்கு, ஆம்பியர் வலுவுக்கு. எவ்வளவு வரை போகலாம் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: தூண்டத்தை மில்லிஹென்றியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 32ஆல் பெருக்க வேண்டும். என் மோட்டாருக்கு அது 50 வோல்ட்டுக்குச் சற்று மேல். அது மோட்டாரின் எல்லை. டிரைவரின் எல்லை வேறு, இரண்டில் எது குறைவோ அதுவே நம் எல்லை.

அங்கேதான் நான் சறுக்கினேன். அப்போதிருந்த டிரைவரின் உச்ச வரம்பு 42 வோல்ட். என் 36 வோல்ட் சப்ளையின் ஓரத்தில் வோல்ட்டைச் சரிசெய்யும் சிறிய திருகு இருந்தது. கூடுதல் வேகம் வேண்டி அதைத் திருப்பி 40க்குக் கொண்டுபோனேன். 42க்குள்தானே இருக்கிறது என்று நம்பினேன். மோட்டார் மின்சாரத்தைத் திருப்பியும் அனுப்பும் என்பது என் கணக்கிலேயே இல்லை.

அதை மாமா வாயால் விளக்கவில்லை. பிளக் மேசைமேல் கிடந்தது. "பாலத்தைக் கையால் தள்ளு" என்றார். இரண்டு கையாலும் பிடித்து ஓரத்திலிருந்து ஓரத்துக்கு வேகமாகத் தள்ளினேன். சுவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத டிரைவரில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்து, கை நின்றதும் மங்கி அணைந்தது. சப்ளையின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்து மறுபடி தள்ளச் சொன்னார். 11 வோல்ட் வரை ஏறியது. சுழற்றப்படும் ஸ்டெப்பர் மோட்டார் ஒரு ஜெனரேட்டர். இயந்திரம் வேகத்திலிருந்து சட்டென்று நிற்கும்போதும் இதுவே நடக்கிறது. அப்போது தள்ளுவது கை இல்லை, ஓடிய வேகமே தள்ளுகிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில்கூட இப்படித் தள்ளினால் டிரைவருக்குக் கேடு என்பதால், இப்போது பாலத்தை நகர்த்த வேண்டுமானால் மெதுவாகத்தான் நகர்த்துகிறேன்.

அன்று மாலை கணக்குப் போட்டேன். என் மோட்டாரின் சுழலும் பகுதியின் நிலைமம் 300 கிராம் சதுர சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடும்போது ஒன்றில் ஏறத்தாழ 0.06 ஜூல் ஆற்றல். மூன்றும் ஒன்றாக நின்றால் 0.18 ஜூல். உராய்விலும் சுருளின் சூட்டிலும் ஒரு பங்கு கழியும், ஆனாலும் மோசமான நிலைக்குத்தானே கணக்குப் போட வேண்டும். சப்ளையின் வெளியீட்டில் இருந்த கபாசிட்டர் 1000 மைக்ரோஃபாரட். 40 வோல்ட்டில் அதில் இருப்பது 0.8 ஜூல். அதோடு 0.18 சேர்ந்தால் வோல்ட் 44ஐத் தாண்டுகிறது. டிரைவரின் வரம்பு 42. அந்தத் தாளை இன்னமும் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆக, புதுப் பெட்டிக்கு இரண்டு முடிவுகள். டிரைவர் 50 வோல்ட் வரை தாங்கும் டிஎம்542 வகை. சப்ளையில் பெரிய கபாசிட்டர், திரும்பி வருவதை விழுங்கிக்கொள்ளும் அளவுக்குப் பெரியது. சுவிட்ச் வகை சப்ளையும் நன்றாகவே வேலை செய்யும், வரம்புக்குக் கீழே போதிய இடைவெளி விட்டால். ஆனால் மோட்டார் வேலைக்கு மாமாவின் மனம் பழைய முறையில்தான் நிற்கும்: டிரான்ஸ்ஃபார்மர், மாறுமின்னை டயோடுகளால் நேர்மின்னாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர், கபாசிட்டர். கனம் அதிகம், ஆனால் உள்ளே இருப்பது ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும். செய்து பார்த்தபின் நானும் அவர் பக்கம்தான்.

டிரான்ஸ்ஃபார்மர் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் கிடைத்தது. வளையம் போன்ற டொராய்டு வகை, 300 விஏ (வோல்ட்-ஆம்பியர்), 24 வோல்ட். 45 வெள்ளி. சந்தையில் வாங்கும் டிரான்ஸ்ஃபார்மரை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இரண்டு சுருளுக்கும் இடையிலும், ஒவ்வொரு சுருளுக்கும் உடலுக்கும் இடையிலும் காப்பு சரியாக இருக்கிறதா என்று சோதித்த பிறகே பிளக் பக்கம் போக வேண்டும். மாமாவிடம் அதற்கென்று 500 வோல்ட் காப்புச் சோதனைக் கருவி உண்டு. அது இல்லாமல் நான் இதைத் துணிந்திருக்க மாட்டேன். 230 வோல்ட் பக்கத்துக் கம்பி வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் மூடிய ஆயத்த சப்ளையை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது அந்தப் பக்கத்தை வயர்மேனிடம் விட்டுவிடுங்கள். ஆயத்த சப்ளை வாங்கினால் பக்கவாட்டில் 115, 230 என்று மாற்றும் சிறிய சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது 115இல் இருக்க நம் ஊர் மின்சாரத்தில் செருகினால் உள்ளே வெடிக்கும்.

24 வோல்ட் மாறுமின் நேர்மின்னாக்கப்பட்டதும் 24ஆக இருப்பதில்லை. 1.414ஆல் பெருக்க வேண்டும், டயோடுகளுக்காக ஒன்றரை இரண்டு வோல்ட் கழிக்க வேண்டும். கணக்கில் 32 வரும். எனக்கு மீட்டரில் வந்தது 37. மலேசியாவில் 2008 முதல் அறிவிக்கப்பட்ட அளவு 230 வோல்ட் என்றாலும், அதற்கு மேல் பத்து விழுக்காடு வரை இருக்கலாம். எங்கள் வீட்டில் அன்று 242. போதாததற்கு, சுமை இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் சொன்னதைவிடக் கூடவே கொடுக்கும். 42 வோல்ட் டிரைவரை வைத்துக்கொண்டு 28 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கியிருந்தால் முதல் நாளே போயிருக்கும்.

கபாசிட்டர் 10000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் தாங்குவது, இரண்டை இணையாகப் போட்டேன். இப்போது அந்த 0.18 ஜூல் முழுவதும் திரும்பி வந்தாலும் வோல்ட் கால் வோல்ட்தான் ஏறும். ஆனால் பெரிய கபாசிட்டரில் வேறோர் ஆபத்து இருக்கிறது. 37 வோல்ட்டில் அவை சேர்த்து வைப்பது ஏறக்குறைய 14 ஜூல். 37 வோல்ட் உடம்பைப் பெரிதாகத் தாக்காது. திருப்புளி நழுவி இரண்டு முனையையும் தொட்டால் திருப்புளியின் நுனி உருகித் தெறிக்கும், கண் பக்கத்தில்தான் இருக்கும். அதனால் கபாசிட்டர்களின் மேலேயே நிரந்தரமாக 1000 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தேன். எந்நேரமும் ஒன்றரை வாட்டுக்கும் குறைவாகத் தின்னும். பிளக்கைப் பிடுங்கியதும் சேர்ந்திருப்பதை வடித்துவிடும். டிரைவர்களைக் கழற்றிவிட்டுக் கடிகாரத்தை வைத்து அளந்தேன்: 37இலிருந்து 5 வோல்ட்டுக்கு இறங்க 43 நொடி. மூடியில் "இரண்டு நிமிடம் பொறு, பிறகு மீட்டர் வை" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். ரெசிஸ்டரே ஒரு நாள் கழன்றுபோகலாம் என்பதால்தான் அந்த இரண்டாம் பாதி.

டொராய்டில் ஒரு விஷயம் மாமா சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. அதன் நடுவில் போகும் போல்ட் கீழே தகட்டைத் தொடலாம். மேல்முனை மூடியையோ சட்டத்தையோ தொடக்கூடாது. தொட்டால் போல்ட்டும் பெட்டியும் சேர்ந்து ஒரு சுற்றுச் சுருளாகி, அதில் பேரளவு மின்னோட்டம் ஓடும். மேல்முனைக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி விட்டேன். சுவிட்சைப் போடும் கணத்தில் டொராய்டு ஒரு பெரிய மூச்சு இழுக்கும், நான் முதலில் போட்ட 2 ஆம்பியர் சாதாரண ஃபியூஸ் அந்த மூச்சிலேயே உருகியது. அதே அளவில் மெதுவாக உருகும் வகையும், குளிர்ந்திருக்கையில் தடை கூடிச் சூடேறினால் குறையும் தெர்மிஸ்டர் ஒன்றும் போட்டபின் நிற்கிறது. வெளியீட்டில் ஒவ்வொரு டிரைவருக்கும் தனி ஃபியூஸ், 4 ஆம்பியர்.

எர்த் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எனக்குத் தூக்கம் போனது. பெட்டியின் உடலுக்குப் பச்சை மஞ்சள் கம்பி போட்டிருந்தேன். இயந்திரம் முழுவதும் உலோகம்தானே, எல்லாம் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது என்று விட்டிருந்தேன். மாமா ஒரு முள்ளைப் பிளக்கின் எர்த் கம்பியிலும் இன்னொன்றைப் பாலத்திலும் வைத்தார். மீட்டர் எதையும் காட்டவில்லை. அலுமினியச் சட்டங்களின் மேலுள்ள ஆனோடைஸ் பூச்சு ஒரு காப்புப் பொருள். மின்சாரம் அதைக் கடக்காது. வெட்டுத்தலையின் கம்பி என்றைக்காவது தேய்ந்து பாலத்தைத் தொட்டிருந்தால், பாலம் முழுவதும் 230 வோல்ட் ஏறியிருக்கும், ஃபியூஸ் அசைந்திருக்காது. என் மகன் அந்தப் பாலத்தைப் பிடித்துக்கொண்டுதான் வேடிக்கை பார்ப்பான். ஒவ்வொரு துண்டிலும் காசு அளவுக்குப் பூச்சைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு, எல்லாவற்றிலிருந்தும் தனித்தனிக் கம்பியைப் பெட்டியின் ஒரே போல்ட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது எங்கே முள் வைத்தாலும், மீட்டர் கம்பியின் தடையைக் கழித்தால், 0.3 ஓமுக்குள்.

அவசர நிறுத்தப் பொத்தான் முன்பும் இருந்தது. ஆனால் அது கணினிக்குச் செய்தி சொல்லும் பொத்தான். கணினி உறைந்துபோனால் அதை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. இப்போது அது ஒரு கான்டாக்டரின், அதாவது சுருளில் மின்சாரம் இருக்கும்வரை மட்டும் இணைப்பைப் பிடித்திருக்கும் சுவிட்சின், சுருளுக்குப் போகும் மின்சாரத்தை அறுக்கிறது. கான்டாக்டர் விழுந்தால் டிரான்ஸ்ஃபார்மருக்கும் வெட்டுத்தலைக்கும் போகும் 230 வோல்ட் சேர்ந்தே போகும். பொத்தானின் தொடர்பு எப்போதும் மூடியே இருக்கும் வகை, அதனால் கம்பி எங்கே அறுந்தாலும் இயந்திரம் நிற்கும். பொத்தானைத் திருகி விடுவித்தால் மட்டும் மறுபடி ஓடாது. பச்சைப் பொத்தானையும் அழுத்தினால்தான் கான்டாக்டர் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். மின்வெட்டு வந்து திரும்பினாலும் அப்படியே. இடி மின்னல் நேரத்தில் பினாங்கில் மின்சாரம் போய் வருவது வழக்கம்தான், ஆள் இல்லாத நேரத்தில் இயந்திரம் தானாக எழுந்து ஓடக்கூடாது.

இதிலும் ஒரு நெளிவு இருக்கிறது. 230ஐ அறுத்தாலும் அந்த 14 ஜூல் மோட்டார்களை ஒரு நொடியின் சிறு பகுதிக்குத் தொடர்ந்து ஓட்டும். அதனால் பொத்தானில் இரண்டாவது தொடர்பு ஒன்றைப் போட்டு, கிடையாக ஓடும் இரண்டு அச்சுகளின் டிரைவர்களையும் அதே கணத்தில் முடக்குகிறேன். ஆனால் இந்த வகை டிரைவரில் முடக்கும் முனையை இணைக்காமல் விட்டால் டிரைவர் ஓடவே செய்யும், சைகை வந்தால்தான் முடங்கும். அந்தக் கம்பி அறுந்தால் முடக்கம் நடக்காது. ஆகவே அது உதவிக்கு மட்டும். கான்டாக்டர்தான் காப்பு.

மீதி வேலை விரைவாகவே முடிந்தது. மோட்டாரின் நான்கு கம்பிகளில் ஒரே சுருளின் ஜோடி எது என்று பார்க்க மீட்டர்கூட வேண்டாம்: இரண்டு கம்பிகளை ஒன்றாகத் தொடவைத்து மோட்டாரின் தண்டைத் திருகினால், ஜோடியாக இருந்தால் விரலுக்கு அடியில் முரண்டு பிடிக்கும், இல்லையென்றால் வழுக்கிக்கொண்டு சுற்றும். டிரைவரில் ஓட்டத்தை முதலில் 2.69 ஆம்பியரில் வைத்தேன். டிரைவரின் அட்டவணையில் உச்ச அளவு ஒரு பத்தியிலும் சராசரி அளவு வேறு பத்தியிலும் இருக்கும், மோட்டாரோடு ஒப்பிட வேண்டியது சராசரியை. ஒரு மணி நேரத்தில் மோட்டார் கை வைக்க முடியாத சூடு. ஸ்டெப்பர் மோட்டாருக்கு அது பழக்கம்தான் என்றாலும், என் வேலைக்கு அவ்வளவு வலு தேவைப்படவில்லை. 2.36க்கு இறக்கினேன், நிற்கும்போது பாதி ஓட்டம் போதும் என்ற சுவிட்சையும் போட்டேன். பெட்டியின் காற்றுத் துவாரங்களில் நெருக்கமான வலை அடித்தேன். நம் ஊரில் பல்லி புகுந்து கருகாத மின்பெட்டி அபூர்வம்.

கடைசிச் சோதனையாக, இயந்திரம் பலகையைத் தொடாமல் காற்றில் ஓடிக்கொண்டிருக்கும்போது மாமா பொத்தானை அழுத்தினார். கான்டாக்டர் டப்பென்று விழுந்தது. பாலம் நின்றது. வெட்டுத்தலை முனகி அடங்கியது. செங்குத்து அச்சு மட்டும் ஒரு நொடி தயங்கி, தன் கனத்தால் தானே இறங்கி, பலகையில் கத்திமுனை குத்தியது. அந்த அச்சை ஏற்றி இறக்குவது உள்ளே குண்டுகள் உருளும் பால் ஸ்க்ரூ என்ற திருகுத் தண்டு. அதில் உராய்வு குறைவு, பிடித்துக்கொள்ள மோட்டாரில் மின்சாரம் இல்லாவிட்டால் இறங்கத்தான் செய்யும். சாதாரணத் திருகுத் தண்டாக இருந்தால் பெரும்பாலும் நின்றிருக்கும்.

மின்சாரம் போனதும் ஸ்பிரிங்கால் பிடித்துக்கொள்ளும் 24 வோல்ட் பிரேக் வைத்த மோட்டார் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது வரும்வரை கத்தி மாற்றும்போதெல்லாம் வெட்டுத்தலையின் அடியில் ஒரு மெரந்திக் கட்டையைச் செருகிவிட்டே கையை உள்ளே விடுகிறேன். கட்டை தொலைந்துபோகக்கூடாது என்று மாமா அதில் துளை போட்டு, ஒரு சங்கிலியால் சட்டத்தோடு கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.